டிவி வாங்கும் காசில் கால்வாசியைப் பாட்டுக்கு ஒதுக்குங்கள்: கேள்வி பதில்

டிவி தேர்வு, வீட்டில் பாட்டுக் கேட்பது. இந்த இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் விற்பவன் இல்லை. மதுரையில் 27 வருடமாக டிவியும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பவன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

ஈரோடு: ஹாலில் சோஃபாவுக்கும் சுவருக்கும் 8 அடி. கையில் 60,000 ரூபாய். கேபிள் இணைப்புதான். 55 இஞ்சா, 65 இஞ்சா? ராத்திரி வேலை முடிந்ததும் நானும் மனைவியும் பாட்டுக் கேட்போம்.

55 எடுங்கள். 4கே திரையை அதன் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பது சௌகரியம். 55 இஞ்சுக்கு அது ஏறக்குறைய 7 அடி, 65க்கு 8 அடி. கணக்குப்படி உங்களுக்கு 65ம் பொருந்தும். ஆனால் கேபிள் என்கிறீர்கள். சாதாரண எஸ்டி சேனலில் வருவது 576 கோடுகள், 4கே திரையில் இருப்பது 2160. இடையில் உள்ளதை எல்லாம் டிவியே ஊகித்து நிரப்புகிறது. திரை பெரிதாகப் பெரிதாக முகங்கள் மெழுகு பூசியது போலத் தெரியும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். 60,000ஐயும் திரையில் கொட்டாதீர்கள். டிவிக்கு 45,000, சத்தத்துக்கு 15,000. பழைய குண்டு டிவியில் பெட்டி ஆழமாக இருந்தது, ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இப்போதைய டிவி இரண்டு மூன்று விரல் கனம்தான். ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ பின்சுவரைப் பார்த்தோ இருக்கிறது. மிருதங்கம் கேட்டுப் பாருங்கள். வலந்தலை டக் டக் என்று கேட்கும், கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கம் இருக்கும் இடமே தெரியாது.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வாங்குங்கள். 4 அல்லது 5 இஞ்ச் கூம்பு உங்கள் ஹாலுக்குத் தாராளம். டிவியின் ஆப்டிகல் சாக்கெட்டிலோ ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி சாக்கெட்டிலோ இணைக்கலாம். ஸ்பீக்கரிலும் அதே சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்டை பிசிஎம் என்று வையுங்கள், இல்லாவிட்டால் சில ஸ்பீக்கர்களில் சத்தமே வராது. புளூடூத் பாட்டுக்குச் சரி. படத்துக்குப் போட்டால் பெரும்பாலும் உதடு முன்னே போகும், வசனம் பின்னே வரும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 6 அடி விடுங்கள். நீங்கள் உட்காரும் இடம் இரண்டுக்கும் சம தூரத்தில் இருக்கட்டும். உயரம் காது மட்டம். மூலையில் திணித்தால் பேஸ் குழறும். அப்புறம், நடு ஹாலில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டின சத்தம் ‘ட்ரிங்’ என்று இழுத்தால், டைல்ஸும் வெற்றுச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கின்றன என்று அர்த்தம். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். பவானி பக்கத்திலேயே இருக்கிறீர்கள், நல்ல கனமானதாகவே கிடைக்கும். ஜன்னலுக்கும் கனமான திரைச்சீலை போட்டுவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.

பாட்டு மட்டும் கேட்கும்போது திரையை அணைத்து வைக்க ‘பிக்சர் ஆஃப்’ வசதி பல டிவிகளில் இருக்கிறது. இருட்டில் குரல் மட்டும் வரும். அதற்காகவே அந்தப் பட்டனைத் தேடி வையுங்கள்.

கோவை: கியூஎல்இடி, ஓஎல்இடி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. கியூஎல்இடி என்பது நமக்குத் தெரிந்த எல்சிடிதான். பின்னால் விளக்கு, நடுவில் நிறத்தைக் கூட்டும் ஒரு அடுக்கு, முன்னால் திரை. ராத்திரி விளக்கணைத்துப் படம் பார்க்கும் வீட்டுக்கு ஓஎல்இடி மாதிரி எதுவும் வராது. காலை 6 மணிக்கு நியூஸ் சேனல் போட்டால் இரவு 10க்கு அணைக்கும் வீடென்றால் வேண்டாம். ஒரே மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் வருடக்கணக்கில் திரையில் தழும்பாக விழுந்துவிடும்.

திருநெல்வேலி: ஸ்டெபிலைசர் வேண்டுமா?

டிவிக்குப் பின்னால் ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘100–240 வோல்ட்’ என்று இருந்தால் வேண்டாம். நல்ல எர்த்தும் ஒரு ஸ்பைக் கார்டும் போதும். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். அதோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் என்னிடம் வரும் டிவிகளில் பாதிக்கு அடி அந்தக் கேபிள் வழியாக வந்ததுதான்.

சென்னை: ஷோரூமில் பளிச்சென்று இருந்தது. வீட்டில் அவ்வளவு இல்லை. பேக்லைட்டை முழுதாக ஏற்றி வைத்திருக்கிறேன், சரியா?

சரியில்லை, இன்றைக்கே இறக்குங்கள். கடையில் ஓடுவது ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’. குழல்விளக்கு வெளிச்சத்தில் பத்து டிவிக்கு நடுவே கண்ணைப் பிடித்து இழுக்க வைத்த செட்டிங். வீட்டில் ‘மூவி’ அல்லது ‘சினிமா’ போட்டு இரண்டு நாள் பொறுங்கள், கண் பழகிவிடும். மோஷன் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள். சினிமா நொடிக்கு 24 படம். டிவி நடுவில் தானாகப் படம் செருகினால் சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடும்.

பேக்லைட்டை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஒரு 43 இஞ்ச் டிவி வந்தது. சத்தம் இருக்கிறது, படம் இல்லை. கடை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தேன். உள்ளே ஒரு அம்மா அழுதுகொண்டிருப்பது மங்கலாகத் தெரிந்தது. பேனல் உயிரோடுதான் இருக்கிறது, பின்னால் இருக்கும் எல்இடி ஸ்ட்ரிப் போய்விட்டது. மணி கோத்த மாதிரி வரிசையாக இணைத்த பல்புகள் அவை. ஒன்று போனால் எல்லாம் அணையும். வாங்கிய நாளிலிருந்து 100-ல் ஓடிய டிவி அது. வீட்டுக்கு 50, 60 போதும். ஸ்ட்ரிப்பின் ஆயுளும் கூடும்.

காரைக்குடி: புது சவுண்ட்பார் வாங்கினோம். அப்பாவுக்குப் பிடித்த 1960கள் பாட்டெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. ‘சர்ரவுண்ட்’ அல்லது ‘ஏஐ சவுண்ட்’ ஓடிக்கொண்டிருக்கும். ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றுங்கள்.

காரணத்தையும் சொல்கிறேன், இது எனக்கு நெருக்கமான விஷயம். 1970களின் பின்பாதி வரை நம் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இடது வலது என்று பிரிக்காத ஒரே தடம். பாடுபவரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்துப் பதிவானவை. யார் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில், எந்த வயலின் எவ்வளவு தள்ளி என்பதிலேயே சத்தத்தின் அளவு தீர்மானமாகிவிட்டது. சர்ரவுண்ட் வேலை செய்ய இடது, வலது இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டும். மோனோவில் அது கிடையாது. அதனால் கருவி என்ன செய்கிறது? அதே சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக இன்னொரு முறை விடுகிறது, எதிரொலியும் சேர்க்கிறது. அசலும் நகலும் கலக்கும்போது சில ஸ்வரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உங்கள் அப்பாவுக்குக் கேட்கும் கிணறு அதுதான். உங்கள் ஊர் வீடுகளின் உயரக் கூரையும் ஆத்தங்குடி டைல்ஸும் ஏற்கெனவே எதிரொலி தருகின்றன, கருவியும் சேர்த்துத் தர வேண்டாம்.

திருப்பூர்: மன்னிக்கணும் சார், கம்பெனி இன்ஜினியருக்குத் தெரியாததா? சர்ரவுண்டில் கேட்டால்தான் ஹால் நிறைகிறது.

5.1-ல், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கலந்த புதுப்படத்துக்கு நீங்கள் சொல்வது சரி. அதற்காகத்தான் அந்த இன்ஜினியர் செய்தார். மோனோ பாட்டுக்கு அது பொருந்தாது. ரெக்கார்டு கம்பெனிகளே 1960களில் இந்தத் தப்பைச் செய்திருக்கின்றன. மோனோ பாட்டின் கனத்த சத்தத்தை ஒரு பக்கமும் மெல்லிய சத்தத்தை மறுபக்கமும் பிரித்து ‘ஸ்டீரியோ’ என்று இசைத்தட்டு விற்றார்கள். இன்று சேகரிப்பவர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு மோனோத் தட்டைத்தான் தேடுகிறார்கள். ஹால் நிறைய வேண்டுமென்றால் வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றுங்கள்.

புதுச்சேரி: மோனோவுக்கு ஒரே ஸ்பீக்கர் போதுமே. ஈரோட்டுக்காரருக்கு ஏன் இரண்டு சொன்னீர்கள்?

நல்ல கேள்வி. மோனோ மட்டுமே கேட்கிற வீட்டில் நல்ல ஸ்பீக்கர் ஒன்றே இரண்டைவிட மேல், ஒத்துக்கொள்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வரும். இரண்டு இருந்தால் நடுவில் உட்காருபவருக்குத்தான் பாடகர் நடுவில் நிற்பார். ஆனால் 80களுக்குப் பின் வந்த பாட்டுகளில் கிட்டார் ஒரு பக்கம், புல்லாங்குழல் மறுபக்கம் என்று பிரித்தே கோத்திருக்கிறார்கள். ஒரே ஸ்பீக்கரில் அந்த இடைவெளி மூடிப்போகும்.

திருப்பூர் (மீண்டும்): எங்கள் தாத்தாவின் வால்வு ரேடியோவும் ஒரே ஸ்பீக்கர்தான், அதில் நிறைந்ததே!

நிறைந்தது. 8 இஞ்ச் கூம்பு, மரப்பெட்டி, திறந்த முதுகு. அப்போதைய ஒலிபரப்பில் மேல் ஸ்தாயி அவ்வளவாக வராது, அதனால் தட்டின் கீறல் சத்தமும் அமுங்கியது. அதில் சர்ரவுண்ட் பட்டன் இல்லை என்பதையும் பாருங்கள், நான் சொல்வதும் அதுதான். ரேடியோ இன்னும் வீட்டில் இருந்தால் விற்காதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டாமல் கரண்டும் கொடுக்காதீர்கள். பழைய கெப்பாசிட்டர் வெடிக்கும்.

டிவி கேள்விகள் நிறைய நிற்கின்றன, வேகமாகப் போகிறேன்.

சேலம்: ஹோம் தியேட்டரில் 5000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று போட்டிருக்கிறது. அதிகமா?

அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய நிஜ வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். வாட்ஸ் இரு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். வீட்டுக்கு 20, 30 வாட்ஸ் ஆர்எம்எஸ் காதை நிறைக்கும்.

விழுப்புரம்: ஸ்டெபிலைசர் அவசியமா?

திருநெல்வேலிக்குச் சொன்னதுதான்.

தூத்துக்குடி: கடற்கரைப் பக்கம் வீடு. இரண்டு வருடத்தில் போர்டு பச்சை பிடித்துவிட்டது.

உப்புக்காற்று. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக டிவி வைக்காதீர்கள். தினமும் ஓட்டுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் ஊருக்குப் போவதானால் மூடி வையுங்கள். துணியில் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது.

தஞ்சாவூர்: டிவியை எந்தத் திசையில் வைப்பது?

எதிரே ஜன்னல் இல்லாத திசையில். உயரம், நீங்கள் உட்காரும்போது கண் மட்டத்துக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்க்கிற வீடென்றால் இன்னும் இறக்கி மாட்டுங்கள். கதவு உயரத்தில் மாட்டிவிட்டு எல்லோரும் கழுத்து வலி என்கிறார்கள்.

திருச்சி: போன வருடம் கேட்ட விலையை நம்பலாமா?

வேண்டாம், புதிதாகக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது.

ஓசூர்: எந்த கம்பெனி பெஸ்ட்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் யாருக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ அந்த கம்பெனி.

வேலூர்: ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது...

ஃபிரிட்ஜ் என் வேலை இல்லை. அதற்கான மெக்கானிக்கைப் பாருங்கள்.

நாகர்கோவில்: ஸ்டெபிலைசர்...

பின்னால் ஸ்டிக்கர். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கும்பகோணம்: பாட்டிக்கு 81 வயது. டிவி வசனம் புரியவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறார். வீடே அதிர்கிறது. பெரிய டிவி வாங்கினால் சரியாகுமா?

டிவியை மாற்ற வேண்டாம் அம்மா. வயதானால் காதில் முதலில் குறைவது மேல் ஸ்தாயி. க, ச, த மாதிரி எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. வால்யூமை ஏற்றினால் பின்னணி இசையும் சேர்ந்து ஏறி வசனத்தை மூடும். முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள், சில நேரம் வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கும். அப்புறம் டிவியில் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ‘க்ளியர் வாய்ஸ்’ மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ள சின்ன ஸ்பீக்கர் ஒன்றை டிவியின் ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து நீள வயரில் கொண்டுவந்து பாட்டி நாற்காலிக்குப் பக்கத்தில், காதிலிருந்து இரண்டடியில் வையுங்கள். வயர் செருகினால் டிவி ஸ்பீக்கர் அணைந்துபோகும், இரண்டும் கேட்கும்படி செட்டிங்கில் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது பாட்டி அதிலேயே பாட்டும் கேட்கலாம். வயரைப் பாய்க்கு அடியில் விடாதீர்கள், சுவரோரமாகக் கொண்டுபோய் கிளிப் அடித்துவிடுங்கள். பாட்டி தடுக்கி விழக் கூடாது.