எல்கேஜி குழந்தைக்கு இறகு, ரோமம், செதில், ஓடு பற்றியெல்லாம் எப்படிச் சொல்லித் தருவது?

பெரம்பூர் பக்கம் மழலையர் வகுப்பு எடுக்கிறேன். சார்ட்டைக் காட்டினால் மகள் ஒப்பிக்கிறாள், ஆனால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்காதுதான். சார்ட்டில் இறகும் வழவழ, செதிலும் வழவழ. இது தொட்டுப் படிக்க வேண்டிய பாடம்.

மீனில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். கட்லா மாதிரி ஏரி மீன் என்றால் செதில் பெரிதாக இருக்கும். வெட்டக் கொடுப்பதற்கு முன் தலையிலிருந்து வாலுக்கு ஒரு தடவு, அப்புறம் மெதுவாக வாலிலிருந்து தலைக்கு ஒரு தடவு. முதலில் வழுக்கிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது விரலைத் தடுக்கும். கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கிறதல்லவா, அதனால். "மீன் நீந்தினா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவளே சொல்லட்டும், அவசரப்படாதீர்கள். மீன்கார அக்காவிடம் கேட்டால் சுரண்டிய செதிலில் கொஞ்சம் தருவார். சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். வளையம் வளையமாகத் தெரியும். மீன் வளர வளரச் செதிலும் வளர்ந்த தடம் அது.

சைவ வீடா? இறகு இருக்கிறது. நம் ஊர் அடுக்குமாடி பால்கனிகளில் புறா இறகுக்குப் பஞ்சமே இல்லை. இதையும் கழுவிக் காயவைத்துவிடுங்கள். ஓர் இடத்தில் பிரித்து விடுங்கள், பிறகு இரண்டு விரலால் நீவுங்கள். ஜிப் போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. பறவை அலகால் கோதிக்கொள்வது பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடும். என் வகுப்பில் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் செய்வது இதைத்தான்.

அப்புறம் கோழிக் காலைக் காட்டுங்கள். உடம்பெல்லாம் இறகு, காலில் மட்டும் செதில்! பறவைக்கு இறகு, மீனுக்குச் செதில் என்று கட்டம் போட்டுப் பிரிக்கும் பழக்கம் அங்கேயே உடையும். உங்களுக்காக ஒரு தகவல்: இறகு, கோழிக் கால் செதில், பாம்பு உரித்த சட்டை, நம் முடி, நகம் எல்லாமே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. மீன் செதில் அந்த வகையில் சேராது, அது எலும்பைப் போன்றது.

ஆமையைப் பற்றி மட்டும் கவனமாகச் சொல்லுங்கள். ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆமை வெளியே வருவதாகக் கார்ட்டூனில் பார்த்திருப்பார்கள். அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்ததுதான் அந்த ஓடு, கழற்றவே முடியாது. பெசன்ட் நகர் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையால் தலையைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. தவளையைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும். ஈரத் தோல் வழியாகவும் அது மூச்சு விடுகிறது, நம் கையிலிருக்கும் உப்பும் சோப்பும் அதற்கு ஆகாது.

வண்டலூர் உயிரியல் பூங்காவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நிற்கும். வீட்டில் தொட்டுப் பழகிய பிள்ளைதான் முதலையின் முதுகைப் பார்த்து "அது மீன் செதில் மாதிரியா, கோழிக் கால் மாதிரியா?" என்று கேட்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.