லீவு எடுக்க முடிகிற ஊர்

கடிதம்

அன்பின் ஐயா,

திருகோணமலையில் ஒரு சிறிய தனியார் கந்தோரில் கணக்கும் நிருவாகமும் பார்க்கிறேன். மொத்தம் நாலு பேர். ஒக்டோபர் 8 தொடக்கம் 24 வரை லீவு. சிதம்பரம், ராமேஸ்வரம் என்று ஒரு யாத்திரை. போவதற்கு முன் முடிக்கவேண்டியதை எழுதத் தொடங்கினேன், கொப்பியில் இரண்டு பக்கம் போய்விட்டது. அதைப் பார்த்த மகன், "மஸ்க் செவ்வாயில பத்து லட்சம் பேரைக் குடியேத்தப் போறார், நீங்கள் பதினேழு நாளுக்கு இந்தப் பாடு படுறீங்களே அம்மா" என்று சிரிக்கிறான்.

விண்வெளி பற்றி நீங்கள் எழுதுவதை வாசிக்கிறபடியால் இரண்டு கேள்வி. அங்கே போய் இருப்பவர்களுக்கும் இப்படிச் சில்லறை வேலைகள் உண்டா, இல்லை எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளுமா? என் பட்டியலில் எதை முதலில் பிடிப்பது? எனக்குப் பதிலாக இருக்கப்போகும் தங்கச்சி வேலைக்கு வந்து எட்டு மாதம்தான்.

ஒரு வாசகி, உவர்மலை

பதில்

அன்பின் வாசகிக்கு,

மகனிடம் சொல்லுங்கள்: செவ்வாய்க்குப் போகிறவர் எழுதவேண்டிய பட்டியலுக்கு ஒரு கொப்பி காணாது.

சில்லறை வேலை உண்டா என்று கேட்கிறீர்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி அதுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் 2 தொடக்கம் ஆள் இல்லாத நாள் கிடையாது; வழமையாக ஏழு பேர் இருப்பார்கள். சனிக்கிழமை வந்தால் அவர்களும் வீடு துப்புரவாக்குகிறார்கள். தும்புத்தடி உதவாது. தூசி கீழே விழாமல், காற்றை உள்ளே இழுக்கும் வலைத்தட்டிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அதை உறிஞ்சி எடுக்கவேண்டும். பேனை, திருகாணி, கரண்டி என்று எது காணாமற்போனாலும் முதலில் தேடுவதும் அந்தத் தட்டிகளில்தான். அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை இது. எடை இல்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழும்பாது. விசிறி நின்றால், நித்திரை கொள்கிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். தட்டி அடைபட்டால் காற்றோட்டம் குறைந்து, காபனீரொட்சைட்டு கூடி, தலையிடி தொடங்கும்.

தண்ணீரில் வந்த சிக்கல் இன்னும் நுணுக்கமானது. சிறுநீரைச் சுழலும் உருளைக்குள், குறைந்த அழுத்தத்தில் வடித்து எடுக்கிறார்கள். சுழற்றாவிட்டால் திரவம் ஓரிடத்தில் நிற்காது. 85 வீதத்தை மீட்கலாம் என்று திட்டமிட்டுக் கொண்டுபோனார்கள். சில காலத்தில் உள்ளே வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டது. அங்கே இருப்பவரின் எலும்பு கல்சியத்தை இழக்கிறது, அது சிறுநீரோடு வருகிறது. சிறுநீர் கெடாதிருக்கக் கலந்ததோ சல்பூரிக்கமிலம். இரண்டும் சேர்ந்து கல்சியம் சல்பேற்று. பிறகு பொசுபோரிக்கமிலத்துக்கு மாற்றித்தான் பழைய அளவுக்கு வந்தார்கள். 2023இல் எல்லாத் தண்ணீரையும் சேர்த்து 98 வீத மீட்பைத் தொட்டார்கள்.

2020 ஒக்டோபரில் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவைத் தேடிய விதம் தேயிலை நாட்டவருக்குப் பிடிக்கும். தேயிலைப் பையைப் பிரித்துத் தூளை மிதக்கவிட்டு, கதவை மூடி, கமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூள் மெல்ல மெல்ல நகர்ந்து வெடிப்பு இருந்த இடத்தைக் காட்டியது. முதலில் அதன்மேல் ஒட்டியது ஒட்டுநாடாதான்.

இவ்வளவும் சமாளிக்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், நிலையம் பூமியிலிருந்து நானூறு கிலோமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. உதிரிப்பாகம் வரும். நம் இராவணா-1 செய்மதி 2019இல் போனது அப்படியான ஒரு சரக்குக் கலத்தில்தான். சாமான் இறக்கியபின் அதே கலத்துக்குள் குப்பையை அடைத்து அனுப்பினால் வளிமண்டலத்தில் எரிந்துபோகும். உடம்புக்கு முடியாமல் போனால் சில மணித்தியாலத்தில் ஆளையே கீழே இறக்கலாம்.

செவ்வாய்க்கு வண்டி 26 மாதத்துக்கு ஒருமுறைதான். நாலு பேர், 780 நாள் என்று கணக்குப் பார்ப்போம். ஆளுக்கு நாளுக்கு 0.84 கிலோ ஒட்சிசன். மொத்தம் 2,600 கிலோவுக்கு மேல். பொதியோடு சாப்பாடு 1.8 கிலோ வீதம் 5,600 கிலோ. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் 3 லீற்றர் என்றால் 9,360 லீற்றர். 98 வீதம் மீட்டால் இழப்பு 187 லீற்றர், 85 வீதம்தான் மீள்கிறது என்றால் 1,404. நடுவில் இருக்கும் ஆயிரத்து இருநூறு லீற்றர், யாரோ ஒருவர் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றினாரா இல்லையா என்பதில் தொங்குகிறது. அங்குள்ள காற்றிலிருந்தே ஒட்சிசன் எடுக்கலாம் என்பது உண்மை. செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் போன மொக்சி என்ற கருவி அதைச் செய்து காட்டியது. 2021 தொடக்கம் 2023 வரை 16 தடவை இயங்கி அது எடுத்தது மொத்தம் 122 கிராம். ஒருவர் மூன்றரை மணித்தியாலம் மூச்சு விடக் காணும்.

உங்கள் கந்தோரைப் பதினேழு நாள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் காற்று வரும். கந்தளாய்த் தண்ணீர் பைப்பில் வரும். பல்ப் போனால் மத்திய வீதியில் வாங்கலாம். உங்கள் இரண்டு பக்கப் பட்டியல் இரண்டு பக்கத்தோடு நிற்பதற்கு, மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்வதுதான் காரணம். ஆகவே ஓரிடம் ஊராகிவிட்டதா, இன்னும் முகாம்தானா என்று அறிய நான் ரொக்கெட்டின் அளவைப் பார்ப்பதில்லை. அங்கே ஒருவர் லீவு எடுக்க முடியுமா என்றுதான் பார்ப்பேன். விண்வெளி நிலையத்தில் இருபத்தைந்து வருடம் தாண்டியும் முடியாது. ஓய்வு நாள் உண்டு; பொறுப்பை இறக்கிவைத்துவிட்டு எழும்பிப் போக இடமில்லை.

அன்ராட்டிக்காவில் 1961 ஏப்ரலில் லியோனிட் ரோகோசொவ் என்ற ரஷ்ய வைத்தியருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. குளிர்காலம், முகாமில் அவர் ஒருவர்தான் வைத்தியர், வெளியே போக வழியில்லை. தன் வயிற்றைத் தானே கீறி எடுத்தார், பிழைத்தும் கொண்டார். வீரம்தான், மறுக்கவில்லை. நிருவாகக் கண்ணால் பார்த்தால், ஒரு வேலை ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. உயிரோடு தொடர்பான வேலைகள் பன்னிரண்டு என்று வைத்து, ஒருவர் லீவிலும் ஒருவர் காய்ச்சலிலும் இருந்தாலும் மூன்றாமவர் செய்யவேண்டும் என்று பார்த்தால், நாலு பேரில் ஒவ்வொருவரும் ஒன்பது வேலை படித்திருக்கவேண்டும். குடியேற்றத்துக்குப் பெரிய ஆள்தொகை கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்து லட்சம் எங்கிருந்து வந்தது என்பது வேறு பேச்சு.

எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பதும் மாறும். கோணேசர் மலையடியில் 1956இல் சுழியோடிய விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1945இலேயே செய்மதித் தொலைத்தொடர்பைக் கணக்கிட்டு எழுதியவர். அந்தத் திட்டத்தில் நிலையங்களில் ஆட்கள் குடியிருந்தார்கள். வால்வு றேடியோ காலம் அது. எரிந்துபோன வால்வை யாராவது மாற்றவேண்டுமே. 1947இல் ட்ரான்சிஸ்ரர் வந்தது, அந்தச் சில்லறை வேலை போனது, அதோடு அங்கே ஆளும் தேவைப்படவில்லை.

இனி உங்களுக்கு நேரே பயன்படுகிற விஷயம். செவ்வாயும் பூமியும் சூரியனின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு வரும்போது, ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை, நாசா தன் ஊர்திகளுக்குக் கட்டளை அனுப்புவதை இரண்டு வாரமளவில் நிறுத்திவிடும். 2023இல் நவம்பர் 11 தொடக்கம் 25 வரை அப்படி நிறுத்தினார்கள். சூரியனைச் சுற்றியுள்ள மின்னேற்றம் பெற்ற வாயு சமிக்ஞையைக் குழப்பும். அவர்களின் பயம் கட்டளை போய்ச் சேராது என்பதல்ல, பாதி போய்ச் சேரும் என்பதுதான். "கையை நீட்டு, பாறை இருந்தால் நில்" என்பதில் முன்பாதி மட்டும் போனால் என்ன நடக்கும்?

ஆகவே அதற்கு முன் செய்பவை: ஊர்தியைப் பத்திரமான தரையில் நிறுத்துவது, கையை மடக்கி வைப்பது, சில கருவிகளை நிற்பாட்டுவது, நினைவகத்தில் இருப்பதை இயன்றவரை கீழே இறக்கி இடம் உண்டாக்குவது, காலநிலை பார்ப்பது போன்ற அசையாத வேலைகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது. புதிதாக எதையும் தொடங்கச் சொல்வதில்லை.

உங்கள் பட்டியலை இந்தக் கண்ணால் பிரியுங்கள். உங்கள் கையால் மட்டும் நடப்பவை எவை என்று முதலில் கோடிடுங்கள். அநேகமாக முதலாவதாக வருவது வங்கி ஓடிபி. இணையவழிக் கொடுப்பனவுக்குரிய இலக்கம் உங்கள் போனுக்கு வருகிறதென்றால், ராமேஸ்வரத்தில் சிக்னல் இல்லாத நேரம் திருகோணமலையில் சம்பளம் நிற்கும். வேறொருவரைப் பயனராகச் சேர்க்க வங்கி படிவம், கையொப்பம், முதலாளியின் கடிதம் என்று கேட்கும். கடைசிக் கிழமையில் ஆகாத வேலை. இன்றைக்கே தொடங்குங்கள். உங்கள் கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். பிறகு ஏதாவது பிசகினால் யார் செய்தது என்று பிரித்தறிய வழியில்லை. வெற்றுக் காசோலையில் கையொப்பம் போட்டு வைத்துவிட்டுப் போவதும் அதே ரகம்.

அடுத்தது திகதி. செப்ரெம்பர் சம்பளத்தில் பிடித்த வருமான வரி ஒக்டோபர் 15க்குள் இறைவரித் திணைக்களத்துக்குப் போகவேண்டும். அது உங்கள் லீவின் நட்டநடுவில் விழுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12, ஊழியரிடம் பிடிக்கும் 8 வீதங்களுக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 வீதத்துக்கும் மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது, வந்தபிறகு பார்க்கலாம் என்று தோன்றும். மூன்றையும் 7ஆம் திகதிக்கு முன் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை பைலில் குத்துங்கள்.

சில்லறைக் காசை அந்தத் தங்கச்சியோடு இருந்து எண்ணுங்கள். சில்லறைச் செலவுக்கென்று ஒதுக்கிவைத்த மிதவைத் தொகை 25,000 என்றால், வவுச்சர் 17,350, கையில் 7,650 என்று கூட்டிச் சரிபார்த்து இருவரும் ஒப்பமிடவேண்டும். முப்பது ரூபா குறைந்தாலும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். திறப்புகளுக்கு இலக்கத் தகடு போட்டால் மட்டும் காணாது. நீங்கள் கைகட்டி நிற்க, தங்கச்சியே ஒவ்வொன்றையும் திறந்து பூட்டவேண்டும். இரும்பு அலுமாரியின் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் திறப்பைத் திருப்பவேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைக்குத்தான் தெரியும், யாரும் எழுதிவைப்பதில்லை. ஒக்டோபர் இடிமழைக் காலம். மின்னலுக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் பிரிட்ஜ், ரவுட்டர் எல்லாம் போகும். எந்தச் சுவிட்ச் என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். பின்னேரம் போகும்போது ரவுட்டரின் பிளக்கோடு போன் வயரையும் கழற்றச் சொல்லுங்கள். மின்னல் பல தடவை அந்த வயர் வழியாகத்தான் வருகிறது.

இவ்வளவும் எழுதியபின் ஒத்திகை பாருங்கள். நாசா நாலு பேரை 2023 ஜூன் தொடக்கம் 378 நாள் ஹியூஸ்ரனில் ஒரு போலிச் செவ்வாய் வீட்டுக்குள் அடைத்து, செய்தி போய்ச்சேரும் தாமதத்தையும் சேர்த்துப் பழக்கியது. செவ்வாய் தூரத்தில் இருக்கும்போது ஒரு கேள்விக்குப் பதில் வர முக்கால் மணித்தியாலமளவு ஆகும். நீங்கள் செப்ரெம்பர் கடைசியில் ஒரு சம்பள நாளாகப் பார்த்து லீவு போட்டு உவர்மலையிலேயே இருங்கள். தங்கச்சி என்ன கேட்டு அனுப்பினாலும் முக்கால் மணித்தியாலம் பதில் சொல்லக்கூடாது, கஷ்டம்தான், பொறுங்கள். அதற்குள் அவர் தானே கண்டுபிடித்தது தேவையில்லாத கேள்வி. வேலை அப்படியே நின்றுபோனது எதுவோ, அது உங்கள் குறிப்பில் விடுபட்டது. அதை மட்டும் சேர்த்து எழுதுங்கள். மற்றதைக் கூட்டிக் கூட்டி எழுதினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

விமான நிலையத்தில் நின்று போனில் புதிதாக ஒன்றும் செய்யச் சொல்லாதீர்கள். பாதிக் கட்டளை அது.

வந்த அன்று, 25ஆம் திகதி காலை, திறப்பை வாங்குவதற்கு முன் சில்லறைக் காசை மறுபடி இருவருமாக எண்ணி ஒப்பமிடுங்கள். எண்ணாமல் வாங்கினால் இடையில் வந்த குறைவு யாருடையது என்று பிறகு சொல்லமுடியாது, பழி தங்கச்சிமேல் விழும்.