பழைய எலக்ட்ரிக் தோட்ட டிராக்டரில் ஓட்டமும் பிரேக்கும் ஒன்றாகப் போய்விட்டன, கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

பிரிக்காதீர்கள். வண்டி ஜிஇ கம்பெனியின் இலெக்-டிராக் பேட்டரி டிராக்டர், மோட்டார் சத்தம் கேட்கிறது ஆனால் நகரவில்லை, பிரேக்கை மிதித்தாலும் சரிவில் உருள்கிறது, வர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் போச்சு என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டும் ஒரே நேரத்தில் போனால் பெரும்பாலும் பழுது ஒன்றுதான். அந்தக் காலத்துத் தோட்ட டிராக்டர் பலவற்றில் சக்கரத்துக்குச் சக்கரம் பிரேக் கிடையாது, கியர்பாக்ஸ் தண்டு ஒன்றில் ஒரே பிரேக். அந்தப் பிடி டிஃபரன்ஷியலை, அதாவது இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியைத் தாண்டி, அச்சைத் தாண்டித்தான் சக்கரத்துக்குப் போகும். அச்சையும் ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) சேர்த்துப் பிடிப்பது கீ என்கிற சின்ன இரும்புத் துண்டு. ஒரு பக்கக் கீ அறுந்தால் அந்த அச்சு ஹப்புக்குள் சும்மா சுற்றும், டிஃபரன்ஷியல் அந்தப் பக்கமே நழுவிவிடும், நல்ல சக்கரத்துக்கும் ஓட்டமோ பிரேக்கோ போய்ச் சேராது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து வர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். மேனேஜர் பங்களாவில் புல் வெட்ட இதே மாதிரி 36 வோல்ட் வண்டி ஒன்று கிடந்தது. டவுன் கடைக்காரர் கியர்பாக்ஸையே மாற்றணும், அமெரிக்காவிலிருந்து சாமான் வரணும் என்று ஒரு விலை சொன்னார், கேட்டால் மயக்கம் வரும். நான் பார்க்கிறேன் என்றதற்கு எங்கள் கிராணி (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்), "டீசல் பார்த்த ஆளுக்குக் கரண்டு வண்டி என்னய்யா தெரியும்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். சமதரையில் நிறுத்தி, அச்சு முனையிலிருந்து ஹப் வரைக்கும் இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு போட்டேன். ஒரு பையனைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி வண்டியைத் தள்ளினோம். இடது பக்கக் கோடு இரண்டாக விலகியது. சீனர் லேத் கடை தவுக்கே (முதலாளி) கீ வெட்டிக் கொடுத்தார், கீ உட்காரும் பள்ளம் அகன்று போயிருந்தது, அதையும் சரி செய்தார். கிராணி அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உங்கள் வண்டியில் கோடு விலகவில்லையா? பெல்ட்டைப் பாருங்கள். மோட்டார் புல்லி சுற்றி, கியர்பாக்ஸ் பக்கத்துப் புல்லி நின்றால் பெல்ட் வழுக்குகிறது. பிரேக் தனியாகப் போயிருந்தால் அதன் கம்பியையும், உராய்ந்து பிடிக்கும் லைனிங்கையும் பாருங்கள். பெடல் ஸ்விட்சையும் பார்க்கணும் என்று யாராவது வருவீர்கள். அது கெட்டால் மோட்டாரே ஓடாது, கேள்வி கேட்டவருக்குத்தான் சத்தம் கேட்கிறதே.

கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். 36 வோல்ட் ஷாக் அடிக்காது என்பார்கள். ஷாக்கைச் சொல்லவில்லை ஐயா, ஆறு பேட்டரி வரிசையாக இருக்கும்போது ஸ்பானர் குறுக்கே விழுந்தால் அந்த ஸ்பானரே சிவக்கப் பழுத்துவிடும், மோதிரம் போட்டிருந்தால் விரல் போச்சு. வண்டியோடு வந்த சார்ஜர் அமெரிக்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் ப்ளக்கில் நேராகச் செருகாதீர்கள்.

ஹப்பைச் சுத்தியலால் அடித்து எடுக்காதீர்கள், அந்த அடி கியர்பாக்ஸ் உள்ளே போகும். புல்லர் (ஹப்பை இழுத்து எடுக்கும் கருவி) வாங்குங்கள். எங்களிடம் அருமையான புல்லர் செட் இருந்தது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது பழைய இரும்பு என்று எடை போட்டுத் தள்ளினார்கள், லயத்தில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு கேட்டதற்கு மட்டும் கடிதம் மேல் கடிதம், பதில் இல்லை. சரி, அது வேறு கதை.

ஒரு பக்கம் அறுந்திருந்தாலும் கீயை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். அச்சுப் பள்ளத்தின் அளவை எடுத்துக்கொண்டு லேத் கடைக்குப் போங்கள், பழைய கீயின் அளவை நம்ப வேண்டாம், அது தேய்ந்திருக்கும்.