படிப்பு நின்ற வருஷமும் "சும்மா கிடக்கிற" பணமும்

கேள்வி: ஈரோடு பக்கத்தில் ஒரு தனியார் மில்லில் கணக்கராக இருக்கிறேன். பிடித்தம் போக 38,000 ரூபாய் கைக்கு வரும். கணவர் இல்லை; அவர் தவறிய சமயத்தில் கூட நின்றவன் என் தம்பிதான். மகன் 2023-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் பி.இ. சேர்ந்தான். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் பைக் விபத்து, முதுகில் ஆபரேஷன். டாக்டர் சொன்னபடி இந்த வருஷம் (2025-26) முறைப்படி 'பிரேக் ஆஃப் ஸ்டடி', அதாவது படிப்பில் இடைவெளி எடுக்கப் பல்கலைக்கழக அனுமதி, வாங்கியிருக்கிறோம். 2026 ஜூனில் மூன்றாம் ஆண்டு சேர வேண்டும். கல்விக் கடன் 5.6 லட்சம், அதில் 2.8 லட்சம் கல்லூரிக்குப் போய்விட்டது, வட்டி 10 சதவீதம். ஹாஸ்டலுக்கு என்று நான் சேர்த்த 1.1 லட்சம் செலவாகாமல் இருக்கிறது. படிப்பு நின்றும் கடன் மட்டும் ஏறுவதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. பி.எஃப். பணத்தை எடுத்துக் கல்விக் கடனை மூடிவிடலாமா?

இன்னொன்று. தம்பியின் விசைத்தறிக்காக இரண்டரை வருஷம் முன்பு என் 10 பவுன் நகையை வைத்து 3 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் வட்டி, நான்தான் கட்டுகிறேன். அவன் இதுவரை தந்தது 12,000. இப்போது "அந்த 1.1 லட்சம் சும்மாதானே கிடக்கிறது" என்கிறான். பவுன் விலை ஏறியிருப்பதால் அதே நகைமேல் இன்னும் ஒரு லட்சம் வாங்கித் தரச் சொல்கிறான். ஆவணியில் எல்லாம் திருப்பித் தருவானாம். மகனோ பங்குச் சந்தை ஆப்ஷன் டிரேடிங் வகுப்புக்கு 25,000 கேட்கிறான்.

பதில்: பி.எஃப்.-ஐத் தொடாதீர்கள். படிப்புக் காலத்திலும், திருப்பிக் கட்டும் தவணை தொடங்கும் வரையிலும் கல்விக் கடனுக்குத் தனி வட்டிதான். 10 சதவீதம் என்றால் ஐந்து வருஷத்தில் 100 ரூபாய்க்கு 50 ரூபாய். 2024-25-க்கு அறிவித்த 8.25 சதவீதத்தில் பி.எஃப். கூட்டு வட்டியாக வளர்ந்தால், அதே ஐந்து வருஷத்தில் 100 ரூபாய்க்கு 48 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஏறக்குறைய சரிக்குச் சரி. இதற்காக ஓய்வுக்கால முதலைக் கரைப்பானேன்?

சரி, இந்த ஒரு வருஷ இடைவெளிக்கு உண்மையில் என்ன விலை? போன 2.8 லட்சத்துக்குக் கூடுதலாக ஒரு வருஷ வட்டி, 28,000. இந்த வருஷக் கட்டணத்துக்கான பணம் வங்கியிலிருந்து போகவே இல்லை, ஆகவே அதற்கு வட்டியும் இல்லை. மகன் ஒரு வருஷம் தாமதமாகச் சம்பாதிக்கத் தொடங்குவான் என்பதும் நஷ்டம்தான். ஆனால் முதுகு ஆறாமல் வகுப்புக்கு அனுப்பி, வருகைப்பதிவு குறைந்து, அரியர் விழுந்திருந்தால் அதைவிட அதிகம் போயிருக்கும். இடைவெளி எடுத்தது சரியான முடிவு.

இப்போது நீங்கள் "இன்னொன்று" என்று தள்ளி வைத்த கணக்குக்கு வருவோம். 3 லட்சத்துக்கு ஒரு ரூபாய் வட்டி மாதம் 3,000, வருஷம் 36,000. மகன் படிப்புக்கு ஆகும் வட்டி 28,000, தம்பியின் தறிக்கு 36,000. முதலாவதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். இரண்டாவதையோ மளிகை பாக்கி மாதிரி மாதாமாதம் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். இரண்டரை வருஷத்தில் கட்டியது 90,000. தம்பி தந்த 12,000 போக 78,000 உங்கள் கைக்காசு. கல்விக் கடனுக்கு ஏறக்குறைய மூன்று வருஷ வட்டி அது.

ஒவ்வொரு வருஷமும் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களைக் கரைக்கிறது. கடன் தம்பிக்கு, அடகுச் சீட்டு உங்கள் பெயரில். வட்டி தவறாமல் கட்டப்படுவதால் அவருக்கு எந்த அவசரமும் இல்லை. கணவர் தவறிய சமயத்தில் கூட நின்றவர் அவர்தான் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். தாய்மாமன் உறவை வெட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நன்றிக்கு 38,000 சம்பளத்தில் மாதம் 3,000 வீதம் இரண்டரை வருஷம் கொடுத்தாயிற்று. இன்னும் ஒரு லட்சம் சேர்த்தால் அது மாதம் 4,000.

பவுன் விலை ஏறியது உங்களுக்கு வந்த லாபம். அதைத் தம்பியின் கடன் வரம்பாக மாற்றாதீர்கள். 2023-ல் 45,000 ரூபாய் அளவில் இருந்த பவுன் 2025-ல் ஏறத்தாழ இரட்டிப்பு விலைக்கு வந்துவிட்டது. தம்பிக்குப் பொங்கல் வரை அவகாசம் கொடுங்கள்: அசலைக் கட்டி மீட்கட்டும், இல்லை என்றால் அவர் பெயரில் வேறு கடன் வாங்கி இதை அடைக்கட்டும். இரண்டும் நடக்காவிட்டால் நாலு பவுனை விற்று நீங்களே முடித்துவிடுங்கள். பழைய நகைக்குக் கழிவு போனாலும் 3 லட்சத்துக்கு அது காணும். விற்ற லாபத்துக்கு வரி வருமா என்று மட்டும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பவுன் வீட்டுக்கு வரும், மாதம் 3,000 மிச்சம். "தங்கம் இன்னும் ஏறுமே, இப்போது விற்பதா" என்று யாராவது கேட்பார்கள். ஏறினால் மீதி ஆறு பவுனும்தானே ஏறும்.

அந்த 1.1 லட்சம் சும்மா கிடக்கவில்லை. இந்த வருஷ ஹாஸ்டல் செலவு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆவணி பிறப்பதே ஆகஸ்ட் நடுவில். அதற்குள் கல்லூரி திறந்து பணம் கட்டும் தேதியெல்லாம் முடிந்திருக்கும். தம்பி வாக்குத் தவறாமல் ஆவணி ஒன்றாம் தேதியே கொண்டுவந்து கொடுத்தாலும் பயனில்லை. இன்னொரு வருஷம் தள்ளிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி இந்த இடைவெளி பொதுவாக ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு வருஷம் வரைதான். பி.இ. முடிக்க அவர்கள் தரும் மொத்தம் 7 வருஷக் கெடுவிலும் இந்த வருஷம் சேர்ந்தே எண்ணப்படும். பணத்தை மே மாதம் முதிர்கிற மாதிரி ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிட்டு, வீட்டு விசேஷங்களில் அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: இடைவெளி எடுத்ததை வங்கிக்குச் சொன்னீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை, அதனால் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வங்கிக் கணக்குப்படி உங்கள் மகன் 2027 மே மாதம் படிப்பை முடிக்கிறான். அதற்கு ஒரு வருஷம் கழித்து, 2028 நடுவில் தவணை தொடங்கும். உண்மையில் அவன் முடிக்கப்போவதே 2028 மே மாதம்தான். கடைசி செமஸ்டர் பரீட்சை எழுதிய கையோடு, வேலை தேடுவதற்கு முன்பே, இ.எம்.ஐ. கேட்டு மெசேஜ் வந்து நிற்கும். 5.6 லட்சமும் ஏறிய வட்டியும் சேர்த்துப் பத்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 10,000 ரூபாய். 90 நாள் கட்டாமல் விட்டால் வாராக்கடன். இணைக் கடனாளி நீங்கள் என்பதால், கடன் தரும் முன் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அவனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கெடும்.

கைமீறிய காரணத்தால் படிப்பு தாமதமானால் காலத்தை நீட்டித் தர இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. முடிவு வங்கியின் கையில், கேட்காமல் நடக்காது. பல்கலைக்கழக அனுமதி ஆணை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சான்றிதழ் மூன்றின் நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள். படிப்பு முடியும் தேதியை மாற்றவும், மூன்றாம் ஆண்டுத் தவணையை 2026 ஜூனில் விடுவிக்கவும் அதில் கேட்க வேண்டும். நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். மேனேஜர் "பார்த்துக்கலாம்மா" என்பார். அவர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போய்விடலாம், காகிதம்தான் நிற்கும்.

நகைக்கடன் முடிந்ததும் மிச்சமாகும் 3,000-ல் கல்விக் கடன் வட்டியை மாதம் 2,300 ரூபாய் கட்டிவாருங்கள். படிப்புக் காலத்திலேயே வட்டி கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வரை சலுகை தர அதே திட்டம் வங்கிகளை அனுமதிக்கிறது. உங்கள் கிளையில் உண்டா என்று அந்தக் கடிதம் கொடுக்கப் போகும்போதே கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியம் வாங்குகிறீர்கள் என்றால், பாதியில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும். மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் ஆவணம் வேண்டும். கேள்வி கேட்ட அம்மாவுக்குக் கைக்கு வரும் சம்பளமே அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது.

ஆப்ஷன் வகுப்புக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போன தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறது. வகுப்பு எடுப்பவர் அந்த 7 பேரில் ஒருவராகவே இருக்கட்டும், அப்புறம் ஏன் 25,000 ரூபாய்க்கு வகுப்பு எடுக்கிறார்? வீட்டில் படுத்தே இருக்கிற பையனுக்குப் பொழுது போக வேண்டும், அது நியாயம். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். (NPTEL) பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய். மூன்றாம் ஆண்டில் வரப்போகும் பாடம் ஒன்றிரண்டை இப்போதே கேட்டு வைத்தால், ஒரு வருஷம் விட்டுப்போன பிறகு வகுப்பில் போய் உட்காருவது சுலபமாக இருக்கும். வங்கிக்கான கடிதத்தையும் அவனையே எழுதச் சொல்லுங்கள், கடன் அவன் பெயரில்தானே இருக்கிறது.