எச்ஐவி மருந்து ஒழுங்கா சாப்பிட்டாலும் கேன்சர் வருமா? மிஸ்ஸி பதில் சொல்றேன்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன், அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸா, அதாவது மிஸ்ஸியா வேலை செஞ்சு பென்ஷன் எடுத்தவ. நம்ம டவுன் சின்னது, அதனால கேட்டவங்க பேர் எதுவும் போடல.

மிஸ்ஸி, பல வருஷமா மருந்து சாப்பிடுறேன், ரத்தத்துல வைரஸ் தெரியலன்னு டாக்டர் சொல்றாரு. அப்படியும் கேன்சர் வரும்னு மச்சான் பயமுறுத்துறான், உண்மையா?

பாதி உண்மை தம்பி. முன்னாடி எய்ட்ஸோட சேர்ந்து வந்த கப்போசி சார்கோமா (தோல்ல ஊதா நிறத்துல வர்ற கேன்சர்), லிம்ஃபோமா (நெணநீர்க் கட்டியில வர்ற கேன்சர்) ரெண்டும் 1996க்கு அப்புறம் கூட்டு மருந்து வந்ததும் நல்லா குறைஞ்சிருச்சு. 2015ல ஸ்டார்ட்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, சிடி4 (நோயோட சண்டை போடுற ரத்த அணு) இறங்கட்டும்னு காத்திருக்காம உடனே மருந்து ஆரம்பிச்சவங்களுக்கு கிருமியால வர்ற கேன்சர் 74 சதவீதம் கம்மி. ஆனா நுரையீரல், கல்லீரல், ஆசனவாய் கேன்சர் எல்லாம் மத்தவங்கள விட இன்னும் அதிகமாத்தான் வருது. ஏன்னா மருந்து எச்ஐவியத்தான் அடக்கும், உடம்புல ஏற்கனவே உக்காந்திருக்கிற எச்பிவியையோ (கர்ப்பப்பை வாய், ஆசனவாய் கேன்சர உண்டாக்குற வைரஸ்) ஹெபடைட்டிஸ் சியையோ (கல்லீரலக் கெடுக்குற வைரஸ்) அது தொடாது, ரோக்கோ (சிகரெட்) புகையையும் தடுக்காது. இப்ப அறுபது எழுபது வயசு வரைக்கும் நல்லா வாழுறாங்க, அந்த வயசுக்கான நோயும் கூடவே வரும்ல. அதனால மருந்தும் வேணும், செக்கப்பும் வேணும்.

நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ரோக்கோ. எச்ஐவியே இருக்கு, இது என்ன பெரிய விஷயமா?

இதுதான் பெரிய விஷயம் தம்பி. 2017ல அமெரிக்காவுல கணக்கு போட்டுப் பாத்தாங்க, மருந்தை ஒழுங்கா எடுத்துக்கிட்டு ரோக்கோவ மட்டும் விடாதவங்க எய்ட்ஸால சாகுறத விட நுரையீரல் கேன்சரால சாகுற வாய்ப்பு 6ல இருந்து 13 மடங்கு. இவ்ளோ வருஷம் மருந்து சாப்பிட்டு காப்பாத்துன உசுர ரோக்கோவுக்கா குடுப்பீங்க? கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) ரோக்கோ விட உதவி பண்றாங்க, போய் கேளுங்க.

மிஸ்ஸி, எனக்கு 38, வீட்டுக்காரர் தவறிட்டாரு. பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில கேன்சர் அறிகுறி இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) எடுக்கச் சொல்றாங்க, வெக்கமா இருக்கு, ஒருதரம் கூட போனதில்ல.

தங்கச்சி, இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. எச்ஐவி இருக்கிற பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர் வர்ற வாய்ப்பு மத்த பொண்ணுங்கள விட 6 மடங்குன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, 25 வயசுல இருந்தே எச்பிவி டெஸ்ட், அப்புறம் 3லருந்து 5 வருஷத்துக்கு ஒருதரம். வெக்கத்துக்கு ஒரு வழி இருக்கு: பாப் ஸ்மியர் மாதிரி இல்லாம, எச்பிவி டெஸ்ட்டுக்கு நீங்களே சாம்பிள் எடுக்கலாம். நீளமா, மெல்லிசா ஒரு குச்சி, நுனியில மட்டும் பஞ்சோ பிரஷ்ஷோ இருக்கும், திரைய இழுத்து விட்டுட்டு உள்ள விட்டு சுத்தி எடுத்து டியூப்ல போட்டு மூடிக் குடுத்தா முடிஞ்சது, யாரும் தொடப் போறதில்ல. ஆனா எச்ஐவி இருக்குன்னு அங்க சொல்லிடுங்க, மத்தவங்களுக்கு குடுக்கிற தவணை உங்களுக்கு சரி வராது. கேன்சரா மாறுறதுக்கு முன்னாடி, செல்லுல மாற்றமா மட்டும் இருக்கும்போதே கண்டுபிடிச்சா சின்ன வைத்தியத்துல போயிரும். மகள் இருந்தா, ஸ்கூல்ல எச்பிவி ஊசிக்கு ஃபாரம் வந்ததும் கையெழுத்து போட்டுடுங்க.

முன்னாடி போதை ஊசி போட்டுக்கிட்டிருந்தேன் மிஸ்ஸி, இப்ப அதுக்குப் பதிலா டாக்டர் குடுக்கிற மெத்தடோன் மருந்து. கல்லீரல் கேன்சர் வருமா?

மெத்தடோன்ல நிக்கிறீங்களே, அதுக்கே பாராட்டு. ஊசி மாத்திப் போட்டவங்களுக்கு ஹெபடைட்டிஸ் சி நிறைய இருக்கு, பல வருஷம் சத்தமில்லாம கல்லீரல தின்னும். டெஸ்ட் எடுங்க. சொஃபோஸ்புவிரும் ராவிடாஸ்விரும் சேர்த்து சாப்பிடுற மாத்திரைக்கு மலேசியா 2021லயே அனுமதி குடுத்திருச்சு, பெரும்பாலானவங்களுக்கு நோய் முழுசா போயிரும். ஆனா கல்லீரல் ஏற்கனவே சுருங்கியிருந்தா, நோய் போன பிறகும் 6 மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் வேணும். ஹெபடைட்டிஸ் பியும் இருந்தா, எச்ஐவி மருந்துல இருக்கிற டெனோஃபோவிர நீங்களா நிறுத்தாதீங்க, அது எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கு. சம்சு (மலிவு சாராயம்) பக்கமே போகாதீங்க.

கழுத்துல ஒரு கட்டி, வலி இல்ல.

வலி இல்லன்னு விடாதீங்க. டிபியா இருக்கலாம், லிம்ஃபோமாவா இருக்கலாம், தொட்டுப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது, ஊசி விட்டோ துண்டு எடுத்தோதான் பாக்கணும். ராத்திரி வேர்வை, எடை குறையுறது இருந்தா இந்த வாரமே போங்க.

அண்ணனுக்கு கீமோ ஆரம்பிக்கப் போறாங்க, எச்ஐவி மருந்த நிறுத்தணுமா?

நிறுத்தவே கூடாது. சில எச்ஐவி மருந்து கீமோவோட மோதும், முக்கியமா ரிட்டோனவிர் கலந்தது, அப்ப டாக்டர் வேற மருந்துக்கு மாத்திக் குடுப்பாரு. அண்ணன் சாப்பிடுற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டு, நாட்டு மருந்து இருந்தா அதையும் சேர்த்து, கேன்சர் டாக்டர் மேசையில கொட்டிக் காட்டுங்க.