மடிக்கணினியை மூடியாயிற்று, மனத்தை எப்படி மூடுவது?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 35 வயதாகிறது. 11 ஆண்டுகளாக மென்பொருள் நிரலாளராகப் பணிபுரிகிறேன். கணவர் கணக்கியல் துறையில் இருக்கிறார். எட்டு வயதில் ஒரு மகன். சண்டை சச்சரவு என்று சொல்லும்படி வீட்டில் எதுவும் இல்லை. ஆனாலும் நான் வீட்டில் இருந்துகொண்டே வீட்டில் இல்லாதவளாக மாறிவருகிறேனோ என்ற கவலை சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

என் வேலையை நான் விரும்பியே செய்கிறேன். சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். எங்கள் குழுவில் எல்லாருடைய கணினியிலும் ஒழுங்காக ஓடிய நிரல், சர்வர் எனப்படும் மையக் கணினியில் ஏற்றியதும் ஒரு கோப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. கோப்போ அங்கேயேதான் இருந்தது. அனுமதிகளைச் சரிபார்த்தோம், கோப்பு இருக்கும் பாதையைச் சரிபார்த்தோம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் பார்த்தோம், பலனில்லை. வீடு திரும்பி இரவு குளித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று விளங்கியது: கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நிரலில் அதே பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது. எங்கள் விண்டோஸ் கணினிகள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டன; லினக்ஸ் சர்வர் அவற்றை வெவ்வேறு பெயர்களாகப் பார்த்தது. ஈரத் தலையோடு வந்து மடிக்கணினியைத் திறந்து ஓரெழுத்தை மாற்றினேன், ஓடிவிட்டது. அந்த நேரத்து மகிழ்ச்சிக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

ஆனால் அன்று மாலை முழுவதும் என் மகன் என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். வகுப்பில் அவனுடைய நெருங்கிய நண்பன் இடம் மாறி வேறொருவனுடன் உட்காரத் தொடங்கிவிட்டான் என்பதுதான் விஷயம் என்று பிறகு கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் தலையாட்டியிருக்கிறேன், "உம்" கொட்டியிருக்கிறேன். "இப்ப நான் என்னம்மா பண்ணட்டும்?" என்று அவன் கேட்டபோது எனக்கு எதைப் பற்றிய கேள்வி என்றே தெரியவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, உங்களுக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டான். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கணவரிடம் நிகழ்வது வேறு மாதிரி. தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு இளையவர் ஒருவருக்குப் போய்விட்டதை ஒருநாள் இரவு அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நான் கவனமாகத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, எப்போது முடிவானது, யார் பரிந்துரைத்தார்கள், எழுத்துவடிவில் ஏதேனும் இருக்கிறதா என்று வரிசையாக விசாரித்து, மேலாளருக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சலையும் எழுதித் தர முன்வந்தேன். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் உன்னிடம் புகார் பதிவு செய்ய வரவில்லை" என்றார்.

இவற்றோடு, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை எனக்கு ஆன்-கால் பணி வருகிறது. சர்வரில் எது நின்றாலும், எந்த நேரமானாலும் எழுந்து பார்க்க வேண்டும். அந்த வாரம் முடிந்த பிறகும் கைபேசி அதிர்ந்ததுபோல் தோன்றி நடு இரவில் விழித்துக்கொள்கிறேன். எடுத்துப் பார்த்தால் எதுவும் வந்திருக்காது. மறுபடி தூக்கம் வருவதில்லை.

இது ஏதேனும் மனநோயா? குடும்பத்தின் மீது எனக்கு அன்பு குறைந்துவிட்டதா? வேலையை விட்டுவிடுவதுதான் வழியா? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

---

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். அன்பு குறைந்துவிட்டதா என்ற கேள்வியை முதலிலேயே அகற்றிவிடுவோம். எட்டு வயதுக் குழந்தை கோபமின்றிச் சொன்ன ஒரு வாக்கியம் உங்களை இந்தக் கடிதம் வரை கொண்டுவந்திருக்கிறது. அன்பு குறைந்தவர்களை அப்படிப்பட்ட வாக்கியம் தீண்டுவதுகூட இல்லை. மனநோயா என்ற கேள்விக்கும், நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், இல்லை என்றே சொல்வேன். தூக்கத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சிறிது கவலை உண்டு; அதற்குப் பிறகு வருகிறேன்.

மகன் பேசியபோது உங்களுக்கு நேர்ந்தது உளவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் ஒன்றுதான். பாதியில் நின்ற வேலை, முடித்த வேலையைவிட மனத்தில் அதிகம் தங்குகிறது என்று உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927-ஆம் ஆண்டிலேயே எழுதினார். பிற்காலச் சோதனைகளில் பல அவருடைய முடிவைத் தரவில்லை என்றாலும், அவர் எழுப்பிய கேள்வி அழியவில்லை. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்கு மாறுபவரின் கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதையும், அதனால் அடுத்த வேலை பாதிக்கப்படுவதையும் சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். உங்கள் தொழிலில் இது மற்றத் தொழில்களைவிடக் கடுமையாக இருக்கும் என்பது, நிரலாளர்கள் பலரோடு பேசிய அனுபவத்தில் எனக்குத் தோன்றும் கருத்து. ஏனெனில், காரணம் தெரியாத ஒரு பிழை எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் அகப்படலாம், பத்து நாளும் ஆகலாம். இன்று இவ்வளவு போதும் என்று எழுவதற்கு இயல்பான ஓர் எல்லையே அதில் கிடையாது.

நல்ல செய்தி என்னவென்றால், மனம் விடுபடுவதற்கு வேலை முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய உளவியலாளர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நிறைவேறாத ஒரு காரியத்தை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக வகுத்துக்கொண்டவர்களுக்கு, அந்தக் காரியம் அப்படியே கிடந்தபோதிலும், அதைப் பற்றிய எண்ணங்கள் குறுக்கிடுவது குறைந்தது. ஆகவே வேலையை நிறுத்துவதற்கு முன் கடைசிப் பத்து நிமிடத்தை எழுதுவதற்கென்று ஒதுக்குங்கள். எதையெல்லாம் சோதித்தாயிற்று, எது காரணமில்லை என்று உறுதியானது, இப்போதைய ஐயம் என்ன, நாளைக் காலை முதலில் எந்தக் கோப்பைத் திறந்து எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை, உங்களுக்குப் பதிலாக நாளை வேறொருவர் அமர்ந்தாலும் அதைப் படித்துத் தொடரக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதிவையுங்கள். "அந்தப் பிழையைப் பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதாது; "அனுமதிகளில் தவறில்லை, பாதையும் சரி, அடுத்து நிரலில் உள்ள பெயரையும் சர்வரில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்" என்று எழுதினால், மனம் அதைக் காவல் காக்கும் பொறுப்பிலிருந்து விடுபடுகிறது. முதல் சில நாள்கள் பயன் தெரியாமல் போகலாம். எழுதிவைத்ததிலிருந்தே மறுநாள் தடையின்றித் தொடங்க முடிகிறது என்று மனம் சில முறை கண்ட பிறகுதான் அதை நம்பத் தொடங்கும்.

குளிக்கும்போது விடை வந்ததே, அப்படி வருவதையும் தடுத்துவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. கணிதமேதை ஆன்ரி புவான்கரே, தம் ஆய்வில் ஒரு முக்கியமான விஷயம் ஒரு வண்டியில் ஏறக் காலை வைத்த நொடியில், அதைப் பற்றி எண்ணாதபோது, விளங்கியதாக எழுதியிருக்கிறார். மனத்தை இறுக்கிப் பிடிக்காத வேளையில் சிந்தனை தானாக வழி கண்டுபிடிப்பது உண்டு. விடை வந்தால் ஒரு தாளில் இரண்டு வரி குறித்துவிட்டு, யாரோடு இருந்தீர்களோ அவரிடம் திரும்பிவிடுங்கள். அன்று இரவே மடிக்கணினியைத் திறந்ததைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஓரெழுத்து காலை வரை காத்திருந்திருக்கும் என்பதும் உண்மை.

கணவருடனான உரையாடலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்று உங்கள் கவனம் எங்கும் போகவில்லை. நீங்களே சொல்வதுபோல் முழுமையாகத்தான் கேட்டீர்கள். ஆனால் நாள் முழுவதும் எந்த முறையில் கேட்கிறீர்களோ அந்த முறையில் கேட்டீர்கள். அறிகுறி, காரணம், திருத்தம் என்ற அந்த ஒழுங்கு சர்வருக்குப் பொருந்துகிறது, ஏனென்றால் சர்வருக்குத் தேவை ஒன்றுதான், மறுபடி ஓட வேண்டும். அவமானப்பட்டு வந்த மனிதருக்கு அந்த இரவில் வேண்டியிருந்தது, தமக்கு நடந்தது அநியாயம்தான் என்று வீட்டில் ஒருவராவது உணர்கிறார் என்பதே. நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், அவர் அந்தச் சூழலைச் சரியாகக் கையாண்டாரா என்ற விசாரணையாக அவர் காதில் விழுந்திருக்கக்கூடும். இனி அவர் இப்படி ஒன்றைச் சொல்லும்போது, "நான் கேட்டுக்கொள்ளட்டுமா, சேர்ந்து யோசிக்கட்டுமா?" என்று கேளுங்கள். முதலில் செயற்கையாகத் தோன்றினாலும், பல தம்பதியரிடம் இந்த ஒற்றைக் கேள்வி பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யோசிக்கலாம் என்று அவர் சொன்னால், உங்கள் திறமை முழுவதும் அவருக்குப் பயன்படட்டும்.

மகனிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். "அன்றைக்கு நீ சொன்னதை அம்மா சரியாகக் கேட்கவில்லை, உன் நண்பனைப் பற்றி மறுபடி சொல்வாயா?" என்பது போதும். வேலைப்பளுவை விளக்க முயல வேண்டாம்; அவன் அதை ஏற்கெனவே தேவைக்கு அதிகமாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தன் பேச்சு அம்மாவின் வேலைக்குப் பிந்தியது என்று ஒரு குழந்தை அமைதியாக ஒப்புக்கொள்ளத் தொடங்கினால், நாளடைவில் அது பேசுவதையே குறைத்துக்கொள்ளும். நேரம் இல்லாத மாலைகளில் தலையாட்டிச் சமாளிப்பதைவிட, "இப்போது என் மனம் வேறொன்றில் இருக்கிறது, சாப்பிட்டு முடித்ததும் கேட்கிறேன்" என்று நேர்மையாகச் சொல்லி, சொன்னபடி கேட்பது அவனுக்கு மரியாதை.

தூக்கத்திற்கு வருகிறேன். எந்த நேரமும் எழுப்பப்படலாம் என்று ஒரு வாரம் விழிப்போடு கிடந்த உடல், வாரம் முடிந்த மறுநாளே இயல்புக்குத் திரும்பிவிடாது. அதிராத கைபேசி அதிர்ந்ததாகத் தோன்றுவது பலருக்கும் நேர்கிறது, அதுவே ஆபத்தான அறிகுறி ஆகாது. பணி இல்லாத வாரங்களில் கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். ஆனால் இதை உங்கள் மனவுறுதியால் மட்டும் தீர்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதில் பாதி உங்கள் நிறுவனத்தின் ஏற்பாடு. வரும் எச்சரிக்கைகளில் எத்தனை உண்மையிலேயே இரவில் ஒருவரை எழுப்பத் தக்கவை, எவை காலை வரை பொறுக்கும் என்று பிரிக்கச் சொல்வதும், இரவில் எழுந்தவருக்கு மறுநாள் காலை ஓய்வு கேட்பதும் நியாயமான கோரிக்கைகள். தனியாகக் கேட்கத் தயங்கினால் குழுவாகக் கேளுங்கள்; உங்கள் சகபணியாளர்களும் இதே இரவுகளைத்தான் கடந்துகொண்டிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் புதிய பதிப்பில் பணிச்சோர்வை வரையறுத்தபோது, அதை ஒரு நோய் என்று குறிக்காமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியது. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் தூக்கம் கெடுவது மூன்று மாதம் நீடித்தாலோ, அதற்கு முன்பே எதிலும் பிடிப்பற்றுப் போவதாக உணர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையில்லாத உளவியல் சிகிச்சையும் இருக்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைத்தான் முதலில் பரிந்துரைக்கின்றன.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். ஓரெழுத்தைத் திருத்தியபோது உங்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி உண்மையானது, அதைக் குற்றவுணர்ச்சிக்குப் பலி கொடுத்தால் வீட்டில் இன்னொரு விதமான இல்லாமை தொடங்கும். ஆன்-கால் ஏற்பாட்டை மாற்றக் கேட்டுப் பாருங்கள். உங்கள் நிறுவனம் அதற்கு என்ன பதில் சொல்கிறது, அடுத்த சில சுழற்சிகளில் உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, அப்போதும் விட்டுவிடத் தோன்றினால், கணவரோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். வேறு நிறுவனமா, வேறு பொறுப்பா, வேறு தொழிலா என்பதை அப்போது தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

அன்புடன்,
ஆலோசகர்