உங்கள் அப்பாவின் டாக்டர் எங்கே படித்தார்?

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சமீபத்தில் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. தனியார் மருத்துவமனை, பில் நாலரை லட்சத்தைத் தாண்டியது. சர்க்கரை முன்பே இருந்ததைச் சொல்லவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அதுவும் எங்களுக்கு இல்லை. மாதாமாதம் வருமான வரி பிடிக்கிறார்கள், அதன் மேல் சுகாதாரம், கல்வி என்று 4% செஸ் என்ற கூடுதல் வரி. எனக்கு என்ன கிடைத்தது? வரியே கட்டாதவர்களுக்கு எல்லாம் இலவசம். ஆபரேஷன் செய்த டாக்டர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவராம், தங்கமான மனிதர். அவரால்தான் அப்பா பிழைத்தார், அரசாங்கத்தால் அல்ல. வரியைக் குறைத்துவிட்டு, அவரவர் வைத்தியத்தை அவரவர் பார்த்துக்கொள்ளச் சொல்வதுதானே நியாயம்?

எஸ்., கோவை

பின்குறிப்பு: பிரீமியத்துக்கு 18% ஜிஎஸ்டி வேறு கட்டினேன்.

அன்புள்ள எஸ்.,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிளந்த நெஞ்செலும்பு நன்றாகச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்க விடாதீர்கள்.

காப்பீட்டு விஷயத்தில் விவாதிக்க ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதுதான் இருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். பாலிசியை இடைவெளியில்லாமல் ஐந்து ஆண்டு கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய முன்பே இருந்த நோயைக் காட்டி மறுக்க முடியாது என்று 2024இல் விதி வந்துவிட்டது. உங்கள் பாலிசி எத்தனை ஆண்டுப் பழையது என்பதை நீங்கள் எழுதவே இல்லை.

இனி உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

'வரியே கட்டாதவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அவர்கள்? மருத்துவமனை என்பது அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதை நடத்தும் தமிழ்நாட்டு அரசின் வருவாயில் பெரும்பகுதி மாநிலத்தின் சொந்த வரி. சோப்பிலும் செருப்பிலும் வரும் ஜிஎஸ்டியின் மாநிலப் பங்கு, பெட்ரோல் டீசல் வரி, பத்திரப் பதிவு, அப்புறம் சாராயம். டாஸ்மாக் மூலம் 2024-25இல் அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025-26 பட்ஜெட்டில் மருத்துவத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. டாஸ்மாக் பணத்தில் பாதிகூட இல்லை. ஒரு கொத்தனார் சாயங்காலம் கடையில் நீட்டும் பணத்தில் எவ்வளவு வரி என்று யோசித்துப் பாருங்கள். அவர் மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவத்தை இலவசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குடும்பம் முன்பணமாகவே கட்டிவிட்டது.

சரி, இதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதம் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு வாக்கியத்தில். டாக்டர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அவரால்தான் அப்பா பிழைத்தார், அரசாங்கத்தால் அல்ல என்கிறீர்கள். எஸ்., அது 1835இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் அவரைப் படிக்க வைத்தது யார் பணம்? பணத்தைக்கூட விடுங்கள். அவர் யார் உடம்பில் படித்தார்?

என் பெரியம்மா தென்மாவட்டத்தில் பீடி சுற்றினாள். சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணும் மூட்டுக் காய்ச்சலும் அவள் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தன. காற்றோட்டமில்லாத வீட்டில் நெருக்கியடித்துப் படுத்து வளரும் பிள்ளைகளுக்கு வரும் நோய் அது. தறி, பீடி, செங்கல் சூளை என்று ஏழைகள் வீடுகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்திருந்தோம். அவள் நெஞ்சில் கேட்ட 'மர்மர்', அதாவது வால்வுக் கோளாறால் எழும் இரைச்சல், பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்ததாம். காலையில் ரவுண்ட்ஸ் முடிந்ததும் மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்துகொள்வார்கள். இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுங்கம்மா, மூச்சை வெளிய விட்டு நிறுத்துங்க. ஒருவர் கேட்டதும் அடுத்தவர். அவளுக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் திரும்பிப் படுப்பாள். சில நாள் கழித்து வெள்ளைக் கோட்டைக் கண்டதுமே தானாக இடப்பக்கம் திரும்பிவிடுவாள். ஜாக்கெட் ஊக்கைக் கழற்றச் சொல்லும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வாள். ஒரு பெண் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, 'வைக்கட்டுமா பாட்டி' என்று கேட்டு வைத்தாள். மற்றவர்கள் கேட்கவில்லை. பேராசிரியரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த வார்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் படிப்பு அப்படித்தான் நடக்கும். கேட்டுக் கேட்டுத்தான் காது பழகும், தொட்டுத் தொட்டுத்தான் கை பழகும். ஊசி குத்த நரம்பு தேடுவது, முதல் தையல், முதல் பிரசவம், நடுங்கும் கையோடு முதல் முறை கத்தி பிடிப்பது, இத்தனையும் பொது வார்டில் படுத்திருக்கும் மனிதர்களின் உடம்பில்தான். இறுதியாண்டுத் தேர்வுக்குக்கூட இப்படிப்பட்ட நோயாளிகளை அழைத்து உட்கார வைப்பார்கள். உங்கள் அப்பாவின் நெஞ்சைத் திறந்த கை இப்படிப் பழகி வந்த கைதான். வலியைப் பொறுத்துக்கொண்டு அந்தக் கைக்குப் பாடம் சொல்லித்தந்தவர்களைத்தான் வரி கட்டாதவர்கள் என்கிறீர்கள். படித்து முடித்தவர் கோவைக்கு வந்தார், நீங்கள் காசு கொடுத்தீர்கள், சிகிச்சை கிடைத்தது. அதில் தப்பில்லை. ஆனால் அந்த நாலரை லட்சத்தில் இந்தக் கடனில் ஒரு ரூபாயும் அடையவில்லை. உங்கள் வரியில்தான் கொஞ்சம் அடைகிறது.

பெரியம்மாவும் வரி கொடுத்தவள்தான். அவள் சுற்றிய பீடிக்குக் கலால் வரி இருந்தது. பீடித் தொழிலாளர் நலனுக்கென்றே 1976இல் சட்டம் போட்டு ஒரு செஸ் வசூலித்தார்கள். ஜிஎஸ்டி வந்த 2017இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளை நான் கோவிலாக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்பதையும், ஒரே கட்டிலில் இருவர் படுத்திருப்பதையும் பார்த்து வெந்திருக்கிறேன். ஆனால் அவை அப்படிக் கிடப்பதற்கு நம்மைப் போன்றவர்கள் அங்கே போவதை நிறுத்தியதும் ஒரு காரணம். சத்தம் போடத் தெரிந்தவர்கள் வெளியேறிவிட்டால் கழிவறையை யார் கழுவச் சொல்வார்கள்?

பிரீமியத்துக்கு 18% ஜிஎஸ்டி கட்டினேன் என்று பின்குறிப்பில் புலம்பியிருக்கிறீர்கள். தனிநபர் பாலிசிகளுக்கு அது 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதை விட்டுவிடுவோம்.

செஸ் பற்றிய உங்கள் கோபம் சரியானது. 2018-19 முதல் வாங்கும் அந்த 4% செஸ், மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வரித் தொகுப்பில் சேராது. ஆஸ்பத்திரி நடத்துவது மாநிலம், சுகாதாரத்தின் பெயரால் வசூலித்து வைத்துக்கொள்வது மத்திய அரசு. 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் மருத்துவச் செலவை 2025க்குள் நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5% ஆக்குவோம் என்றது. 2021-22இல் அது 1.84%. உங்கள் எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். வார்டில் படுத்திருப்பவரிடம் காட்டாதீர்கள் அந்தக் கோபத்தை.

வரியைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது.

ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதும் புகாரை அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். எனக்கு எழுதிய கடிதத்தில் தேதி ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு அப்படி எழுதினால் காரியம் நடக்காது.